பவளத்துக்குக் காட்ட எடுத்த டென்மார்க்

வியாழக்கிழமை, காலை 6.20. ஹேர்னிங்.

காரில் முதலில் ஏறியது நீலக் கோட்டு. அதைப் பின் கண்ணாடியோரம் கொழுவி, கசங்காமல் கையை நீட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் லிங்கண்ணை ஸ்ரியறிங்கைப் பிடித்தார்.

அந்தக் கோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்தில் அப்போது எட்டுத் தமிழ் ஆம்பிளைகளுக்குப் பொதுவாக இருந்த ஒரேயொரு நல்ல கோட்டு அது. ஊருக்குப் படம் அனுப்ப வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் அதைத்தான் போட வேண்டும். எட்டுப் பேரில் ஒருவருக்கும் அது அளவில்லை, ஆனாலும் எட்டுப் பேரும் போட்டோம். போட்டுக்கொண்டு, தெருவில் நிற்கும் யாரோ ஒரு டெனிஷ்காரனின் புதுக் காரில் சாய்ந்து நின்று, 'சிரியுங்கோ' என்றால் சிரிக்க வேண்டும். அப்படிச் சொல்லிப் படம் எடுக்கிறவன் நான். யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் நான்கு வருடம் வேலை செய்தவன் என்பதால் அந்தப் பதவி கேட்காமலே என் தலையில் வந்து விழுந்தது. நாங்கள் குளிரில் விறைத்ததையோ, ஒரு அறையில் நான்கு பேர் படுத்ததையோ நான் ஒருநாளும் படம் எடுத்ததில்லை. எடுத்தால் எவன் ஊருக்கு அனுப்புவான்?

1988 ஆடி மாதம். எங்கள் பின்னல் ஆலை கோடை விடுமுறைக்காக மூன்று கிழமை பூட்டியிருந்தது. லிங்கண்ணைக்கு முப்பத்தாறு வயது, என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், ஆலையில் எனக்கு அடுத்த மெஷின். அவருடைய மனைவி பவளம் யாழ்ப்பாணத்தில். மகள் வதனிக்கு நான்கு வயது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே புறப்பட்டு வந்தவர், இன்னும் தூக்கிப் பார்த்ததில்லை. அகதியாக ஏற்கப்பட்டவன் மனைவி பிள்ளையைக் கூப்பிடலாம் என்று இந்த நாட்டுச் சட்டத்திலேயே எழுதிக் கிடக்கிறது. லிங்கண்ணையும் கூப்பிட்டார். விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம். 'உங்கள் விடயம் பரிசீலனையில் உள்ளது' என்று கடிதம் வரும். கேட்டு எழுதினால் திரும்பவும் அதே கடிதம் வரும். எங்களுக்கு மட்டும்தான் இப்படியோ என்று விசாரித்தால், தமிழன் என்ற தமிழன் எல்லாருக்கும் இப்படித்தான்.

வைகாசியில் பவளத்தின் கடிதம் வந்தது. 'நீங்கள் சொல்லுறதை நான் நம்பிறன், ஆனா ஊர் நம்பேல்லை. ஜேர்மனிக்குப் போனவனும் கனடாவுக்குப் போனவனும் மனிசியைக் கூப்பிட்டிட்டான். டென்மார்க்கிலை மட்டும் விடமாட்டாங்களோ? உங்களுக்கு அங்கை ஒரு குடும்பம் இருக்காம் எண்டு கதைக்கினம். ஆவணி மட்டும் பாப்பன். பிறகு அண்ணையோடை படகிலை இந்தியாவுக்குப் போறன்.'

அவள் போனால் இங்கே போட்ட விண்ணப்பம் செத்துப்போகும், எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம். ஆகவே லிங்கண்ணை ஒரு முடிவெடுத்தார். இந்த நாட்டைப் பவளம் கண்ணால் கண்டால் இன்னும் கொஞ்சநாள் பொறுப்பாள். தீவு தீவாகப் போய், வடிவான இடங்களை எல்லாம் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தபாலில் அனுப்பினால் ஆவணிக்குள் யாழ்ப்பாணம் போய்ச் சேராது. ஆனால் பவளத்தின் ஊர்க்காரி மலர் அன்ரி லண்டனில் ரீச்சர், பிரிட்டிஷ் பாஸ்போட் உள்ளவர். இந்த நாட்டுத் தலைநகருக்குப் பக்கத்தில், இஷொயில் தன் தம்பி வீட்டுக்கு வந்து நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை கொழும்புக்குப் பறக்கிறார். இஷொய் கடைத்தெருவில் ஒரு மணித்தியாலத்தில் படம் கழுவித் தரும் கடை ஒன்று உண்டு. சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஒரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

அதே நாள், பகல் 11.00. ஃபூனன் தீவு.

வைல வரை காட்டுப்பாதை. பிறகு லில்லபெல்ட் பாலத்தால் கடலைத் தாண்டி ஃபூனனுக்குள் இறங்கினோம். ஒடென்சேயில் காருக்கு எண்ணெய் அடித்துக் கோப்பி குடித்துவிட்டுத் தெற்கே திரும்ப, எனக்கு வாய் பிளந்துவிட்டது. கடுகு வயல் பூத்து முடிந்திருந்தது. ஆனால் பார்லி, அதற்கப்பால் ஒரு வெள்ளைத் தேவாலயம், அதற்கப்பால் நீலக் கடல், எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கி வைத்தமாதிரி. இரண்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். ஆலையையும் அறையையும் தவிர ஒன்றையும் பார்க்காமல் இருந்திருக்கிறேனே! எனக்கே என்மேல் கோபம் வந்தது.

ஸ்வென்போருக்குப் போகும் வழியில், தெருவோரம் ஒரு மேசை. மேசையில் பத்துப் பன்னிரண்டு பெட்டி ஸ்ரோபெரி. பக்கத்தில் ஒரு தகரப் பேணி, பெட்டி பன்னிரண்டு குரோனர் என்று எழுதிய மட்டை. ஆள் இல்லை! வீட்டையும் காணவில்லை, நாயையும் காணவில்லை. லிங்கண்ணை காரை நிற்பாட்டிவிட்டு நாலு பக்கமும் பார்த்தார்.

"உதிலை ஏதோ விசயம் இருக்கடா. எங்கையோ நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறாங்கள்."

"இல்லை அண்ணை, காசைப் போட்டிட்டு எடுக்கிறதுதான்."

"காசைப் போடாமல் எடுத்தால்?"

"எடுக்கமாட்டினமாம்."

அவர் பன்னிரண்டு குரோனரைப் பேணிக்குள் போட்டு, போட்டதை ஒளிந்து நிற்பவர்கள் காணட்டும் என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஒரு பெட்டியை எடுத்தார். நான் அதைப் படம் எடுத்தேன். நீலக் கோட்டு, கையில் ஸ்ரோபெரி, பின்னால் கடல். முதல் பிலிம் றோலில் ஏழாவது படம்.

மாலை 7.30. லாங்கெலாண் தீவு.

ஸ்வென்போரிலிருந்து பாலம், பிறகு இன்னொரு தீவு, பிறகு இன்னொரு பாலம். இந்த நாட்டுக்காரர் கடலைக் கண்டால் சும்மா விடமாட்டார்கள் போலும். லாங்கெலாண் என்றால் நீளமான நிலம். உண்மையில் நீளம்தான், ஒல்லியாகவும் கிடக்கிறது. ஒரு மேட்டில் ஏறி நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது.

மாலை ஏழரைக்கு வெயில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கடற்கரையில் மணல் மஞ்சளாக மின்னியது. இதைவிட வெளிச்சம் கிடைக்காது என்று நான் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடிப்போய், மணல் மேட்டைத் தாண்டியதும் சடாரென்று நின்றேன். அம்மாளாச்சி! ஒரு குடும்பம் முழுதாக, அப்பா, அம்மா, தாத்தா உட்பட, ஒரு துணியும் இல்லாமல் படுத்துக்கிடந்து வெயில் காய்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த மனிசி என்னைப் பார்த்துக் கையை ஆட்டி 'ஹாய்' என்று சொல்கிறார். நான் எந்தப் பக்கம் பார்ப்பது? கண்ணை மூடிக்கொண்டு நானும் 'ஹாய்' என்றேன்.

பின்னால் கோட்டுப் போட்டு வந்த லிங்கண்ணைக்கு முகம் வெளிறிப் போய்விட்டது.

"டேய் குகன், கமராவை அங்காலை திருப்பு. திருப்படா!"

"நான் கடலைத்தான் அண்ணை எடுக்கிறன்."

"அந்த மூலையிலை ஒருத்தி கிடக்கிறாள். பவளம் கண்டாளெண்டால் ஆவணியும் இல்லை ஒண்டும் இல்லை, அடுத்த நாளே படகு ஏறிவிடுவாள்."

கடலில் முக்கால்வாசியை வெட்டி, மனிதரே இல்லாத ஒரு துண்டை எடுத்தேன். அதற்கும் லிங்கண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று ஒரு முகாம் திடலில் கூடாரம் அடித்தோம், இரண்டு பேருக்கு ஐம்பத்தாறு குரோனர். பாணும் ரின் மீன் சம்பலும் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை, காலை 9.15. ஸ்பொஸ்பியேர் துறை.

லோலான் தீவுக்குப் பாலம் இல்லை, பெரிய கப்பல்தான். முக்கால் மணித்தியால ஓட்டம். அதன் வாய் திறந்தது, காரோடு நாங்கள் உள்ளே போனோம். காருக்கும் எங்களுக்கும் சேர்த்து நூற்றுப் பத்துக் குரோனர். ரிக்கற் கிழித்தவர் காசைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. எங்கே போகிறாய், ஏன் போகிறாய், பையில் என்ன, அடையாள அட்டை எங்கே, ஒன்றும் இல்லை. ஊரில் குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போய் வருவதற்குள் எத்தனை தரம் நேவிக்காரனுக்குச் சேட்டைக் கழற்றிக் காட்டியிருப்பேன்! அதுவும் தீவு, இதுவும் தீவு.

மேல்தளத்தில் ஒரு டெனிஷ் அம்மா சுடுதண்ணிப் போத்தலிலிருந்து எங்களுக்கும் கோப்பி ஊற்றித் தந்தார். ஐம்பது வயதிருக்கும், நக்ஸ்கோ என்ற ஊரில் நூலகத்தில் வேலையாம். ஜூலையில் ஏன் இவர் கோட்டுப் போட்டிருக்கிறார் என்று என்னிடம் கேட்டார். மனைவிக்கு அனுப்பும் படம் என்று சொன்னேன். மனைவி ஏன் கூட வரவில்லை என்று கேட்டார். லிங்கண்ணை தனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் முழுவதையும் சொன்னார். ஒன்றரை வருடம், கடிதம், பரிசீலனை.

அந்த அம்மா சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. குழம்பிப் போனார்.

"சட்டத்தில் உரிமை இருக்கிறதென்றால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? நீங்கள் ஏதோ படிவத்தைப் பிழையாக நிரப்பியிருப்பீர்கள். இன்னொருமுறை எழுதிப் பாருங்கள். இங்கே அப்படிச் செய்யமாட்டார்கள்."

அவர் அதை அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னதால் எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கப்பல் கரை தட்டும்வரை லிங்கண்ணை படிவத்தின் ஒவ்வொரு கேள்வியையும் மனதுக்குள் திரும்ப நிரப்பிக்கொண்டிருந்தார். "பிறந்த இடம் எண்ட இடத்திலை ஆசுப்பத்திரியின்ரை பேரை எழுதினனான் தம்பி. அதாலையோ?" என்று காருக்குள் ஏறியபிறகும் கேட்டார். இல்லை அண்ணை, அதால் இல்லை என்றேன். எதால் என்று எனக்கும் தெரியவில்லை.

மாலை 5.00. மோன் தீவு.

லோலான் தட்டை. பீற்றூட் வயலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஃபால்ஸ்டர் தாண்டி, மூன்று வருடத்துக்கு முன் கட்டிய பெரிய பாலத்தில் ஏறி, போகோ என்ற குட்டித் தீவு வழியாக மோனுக்கு வந்தோம். முதல் றோல் முப்பத்தாறும் முடிந்துவிட்டது. அதைச் சுருட்டி எடுத்து, கறுப்பு டப்பிக்குள் போட்டு மூடிக் கொடுத்தேன். காருக்குள் வைத்தால் வெக்கையில் பழுதாகிவிடும் என்று லிங்கண்ணை அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மோன் குன்றை நான் என்னவென்று எழுதுவேன்! பீச் மரக்காட்டுக்குள்ளால் நடந்து போகிறோம், திடீரென்று காடு முடிகிறது, நிலமும் முடிகிறது. கீழே நூற்றிருபது மீற்றருக்கு மேல் வெறும் வெள்ளைச் சுவர். சுண்ணாம்பு. அதன் காலடியில் கடல் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. நான் ஒரு நிமிடம் கமராவைத் தூக்கவே மறந்தேன். லிங்கண்ணை மரவேலியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இதை வதனி பாக்கோணுமடா" என்றார். அவர் மகளின் பெயரை அவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கடற்கரைக்கு மரப்படி இருந்தது. இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏறும்போது உயிர் போய்விட்டது. மேலிருந்தும் கீழிருந்தும் பதினெட்டுப் படம் எடுத்தேன். வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படங்கள் அவைதான் என்று இப்போதும் சொல்வேன். பார்த்தவர் ஒருவரும் இல்லை என்பதால் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை, காலை 9.40. ஸ்டெவென்ஸ் குன்று.

காலையில் மோனில் பனிப்புகார். பத்து மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல ஓட்டினோம். பாலத்தைத் தாண்டிப் பெரிய தீவான சீலாந்துக்குள் வந்து, ஃபக்ஸவைக் கடந்தபின்தான் வெயில் வந்தது. ஹொயெரூப் என்ற ஊரில் குன்றின் விளிம்பில் ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. அரைவாசிதான் நிற்கிறது! அறுபது வருடத்துக்கு முன் கரை இடிந்து, பீடம் இருந்த பகுதி அப்படியே கடலுக்குள் போய்விட்டதாம். உள்ளே நடந்து போனால், பீடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கதவு, கதவுக்கு வெளியே கடல். இங்கிருந்து இஷொய்க்கு ஐம்பத்தைந்து கிலோமீற்றர். நேரம் தாராளமாக இருந்தது. இரண்டாவது றோலில் இருபத்திரண்டு படம் ஆகியிருந்தது.

லிங்கண்ணையைக் குன்றின் விளிம்பில், தேவாலயம் பின்னால் தெரிய நிறுத்தினேன். கோட்டுப் பொத்தானைப் பூட்டச் சொன்னேன். கண்ணை வைத்துக் குவியம் சரி பார்க்கும்போது, அவருடைய முகம் மாறியது. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன்.

பச்சைச் சீருடை. தொப்பி, சப்பாத்து. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கையை உயர்த்தி ஏதோ கத்திக்கொண்டு எங்களை நோக்கி வருகிறான்.

இனி நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஸ்ரூடியோவில் எங்கள் முதலாளி முதல் நாளே சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு. சீருடை வந்தால் முதலில் பிலிமை அழி, பிறகு கதை. ஒரு கலியாண வீட்டுப் படத்தில் மூலையில் நின்ற ஒரு முகத்துக்காக ஆளைக் கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். அதனால் என் மூளை ஒன்றும் யோசிக்கவில்லை. கைதான் யோசித்தது. கமராவின் பின்கதவைத் திறந்தேன், பிலிமைப் பிடித்து இழுத்தேன், நல்ல வெயிலில் முழுவதையும் இழுத்துக் காலடியில் போட்டேன். மோனின் பதினெட்டுப் படமும் புல்லில் பாம்புச் சட்டைமாதிரிக் கிடந்தது.

நிமிர்ந்து பார்க்கிறேன், லிங்கண்ணை கோட்டுப் பைக்குள் கையை விட்டு, அந்தக் கறுப்பு டப்பியை எடுத்து, பலங்கொண்டமட்டும் கடலை நோக்கி எறிந்தார். பிறகு முழங்காலில் விழுந்தார். இரண்டு கையும் தலைக்கு மேலே. வலக்கையில் ஒரு அட்டையைப் பிடித்திருந்தார். வைத்தியரிடம் போகும்போது காட்டுகிற மஞ்சள் அட்டை! அடையாள அட்டை என்று அவர் கைக்கு முதலில் அகப்பட்டது அதுதான்.

சீருடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். நாற்பது வயது மதிக்கலாம், மீசை. பக்கத்தில் ஒரு கடற்படை முகாம் இருக்கிறதாம், அது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அவர் லிங்கண்ணையைப் பார்த்தார், புல்லில் கிடந்த பிலிமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்... உங்கள் கார் விளக்கு எரிகிறது. பற்றரி இறங்கிவிடும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஐயோ! விளக்கு. புகாருக்குள் போட்ட விளக்கு.

நான் அதை லிங்கண்ணைக்குத் தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "லைற்றோ?" என்றார். "எங்கடை காரின்ரை லைற்றோ?" கை மட்டும் இறங்கவில்லை. சீருடைக்காரர் கிட்ட வந்து குனிந்து அவருடைய கையைப் பிடித்து இறக்க முயன்றார். லிங்கண்ணை பின்னுக்கு இழுபட்டார். அதைக் கண்டதும் அந்த மனிதர் இரண்டு அடி விலகி, தொப்பியைக் கழற்றினார், சீருடை ஜக்கெற்றையும் கழற்றிச் சைக்கிளில் போட்டார். வெள்ளை பெனியனோடு நின்றுகொண்டு, "நான் என்ன செய்தேன்? நான் என்ன செய்தேன்?" என்று என்னைக் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

மூன்று பேரும் படியால் கடற்கரைக்கு இறங்கி அந்த டப்பியைத் தேடினோம். முக்கால் மணித்தியாலம் தேடினோம். ஸ்டெவென்ஸ் கடற்கரை மணல் இல்லை, கல். அதுவும் கறுத்த கல், ஆயிரமாயிரமாக, ஒவ்வொன்றும் றோல் டப்பி அளவு. அந்த மனிதர் சப்பாத்தோடு தண்ணிக்குள் இறங்கினார். லிங்கண்ணை ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பார்த்துப் பார்த்துப் போட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை. மேலே ஏறி வந்தால் பற்றரி உண்மையாகவே இறங்கிவிட்டிருந்தது. அவர்தான் தள்ளினார். கார் இரைந்து புறப்பட்டபோது பின்கண்ணாடியில் அவர் பெனியனோடு தெருநடுவில் நிற்பது தெரிந்தது.

காலை 11.30. கோகே வீதி.

பையில் இன்னும் ஒரு புது றோல் இருந்தது. வழியெல்லாம் வயல், கடல், காற்றாலை. "அண்ணை, கடை பூட்ட இன்னும் இரண்டரை மணித்தியாலம் கிடக்கு. இந்த ரோட்டிலையே முப்பத்தாறு எடுக்கலாம். ஆருக்குத் தெரியப்போகுது எந்தத் தீவெண்டு?" என்றேன்.

நான் காரை நிற்பாட்டச் சொல்லிக் கமராவைத் திறக்க, அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"உதை உள்ளுக்கு வை, விசரா! என்னாலை இனிச் சிரிக்க ஏலாது."

எனக்கும் சுருக்கென்றது. "நான் இழுத்தது அரை றோல். நீங்கள் எறிஞ்சதுதான் முழு றோல்" என்று திருப்பிச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. அவர் அழவில்லை, திட்டவுமில்லை. காரை எடுத்து இஷொய் வரை ஓட்டினார்.

பகல் 12.40. இஷொய்.

மாடிக் குடியிருப்பின் நான்காம் தட்டு. மலர் அன்ரி கதவைத் திறந்தவுடன் கையை நீட்டினார். "எங்கை லிங்கம், படம்? சூட்கேசை இன்னும் பூட்டேல்லை, உமக்காகத்தான்."

லிங்கண்ணை சப்பாத்தைக் கழற்றுகிறமாதிரிக் குனிந்தவர் நிமிரவேயில்லை. நான்தான் சொன்னேன். விளக்கு, சீருடை, பிலிம், மஞ்சள் அட்டை, எல்லாம். மஞ்சள் அட்டை வந்ததும் அன்ரி வெடித்துச் சிரித்தார். "டொக்டரின்ரை அட்டையையோ காட்டினவர்? ஐயோ, என்ரை கடவுளே!" என்று சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சநேரத்தில் பார்த்தால் அவர் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"நாலு வரிசமாச்சு, லிங்கம்" என்றார். "நாலு வரிசம்."

"அன்ரி, உதை ஊரிலை சொல்லிப் போடாதேங்கோ. கமரா பழுதாப் போட்டுது எண்டு சொல்லுங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்" என்றார் லிங்கண்ணை.

"ஏன்?"

"வெக்கக்கேடு. முழங்காலிலை நிண்டவன் எண்டு அவள் அறிஞ்சால்..."

"நான் கமரா கதையொண்டும் சொல்லமாட்டன். இதைத்தான் சொல்லுவன்."

"வேண்டாம் அன்ரி! நான் இஞ்சை நல்லா இருக்கிறன் எண்டுதானே அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்."

"ஓம், அந்த நீலக் கோட்டை எனக்கும் தெரியும். ஊரிலை அஞ்சு வீட்டுச் சுவரிலை அதே கோட்டுத் தொங்குது, ஆள்தான் வேறை. பெண்டுகள் எல்லாரும் அதைப் பாத்துச் சிரிக்கிறவை. உமக்குத் தெரியாதோ?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் கோட்டைப் போடச் சொன்னவன் நான்தானே! லிங்கண்ணை கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடை பூட்டும் நேரம் வந்தது, போனது. ஞாயிறு காலை அன்ரி சூட்கேசில் எங்கள் சாமான் ஒன்றும் இல்லாமல் பறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.00. ஸ்ரோபெல்ட் கப்பல்.

கோர்சோரிலிருந்து நீபோருக்குக் கப்பல், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. தளத்தில் சனம் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு, எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு நின்றது. ஒரு கப்பல் அதிகாரி சீருடையோடு எங்களைத் தாண்டிப் போனார். நான் கவனித்தேன், லிங்கண்ணையும் நானும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றிருந்தோம். பக்கத்துப் பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எங்களைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ கதைத்தார்கள். மெல்லத் திரும்பவும் பெஞ்சில் இருந்தோம்.

நான்கு நாளில் எழுநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கிறோம். ஏழெட்டுத் தீவு. ஒரு இடத்திலும் ஒருவரும் எங்களை மறிக்கவில்லை. எங்கள் தீவு இதைவிட வடிவு என்று நான் முன்பெல்லாம் வாதாடுவேன். இப்போது அந்தப் பேச்சே எடுப்பதில்லை. வடிவு பார்க்க முதலில் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நிற்கத் தெரிய வேண்டும்.

ஐப்பசியில் ஒருநாள், ஆலையில் பகல் சாப்பாட்டு நேரம்.

அன்ரி லண்டன் திரும்பி, அங்கிருந்து தபாலில் சேர்த்திருந்தார். பவளத்தின் கடிதம், ஒரு பக்கம்கூட இல்லை. லிங்கண்ணை உடைக்கப் பயந்து என்னிடம் தந்தார். நான் வாசித்தேன்.

'அன்ரி எல்லாம் சொன்னா. நீங்கள் அங்கை சுகமா இருந்துகொண்டு எங்களை மறந்திட்டியள் எண்டுதான் எனக்குக் கோபம். ஒவ்வொரு படம் வரேக்கையும் அந்தக் கோபம் கூடினது. ஆமிக்காரனைக் கண்டு கையைத் தூக்கினியள் எண்டு கேட்ட உடனை அழுதிட்டன். நீங்கள் இன்னும் எங்களோடைதான் இருக்கிறியள். அண்ணை படகிலை போயிட்டார். ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்திட்டாராம். நாங்கள் போகேல்லை. இஞ்சை திரும்பவும் வெடிச்சத்தம், நானும் வதனியும் கட்டிலுக்குக் கீழைதான் படுக்கிறம். ஆனா இருக்கிறம். கூப்பிடும்வரைக்கும் இருப்பம். படம் அனுப்ப வேண்டாம்.'

"அண்ணை, வெண்டிட்டம்! அவள் படகு ஏறேல்லை!" என்று நான் மேசையில் அடித்தேன். பக்கத்து மேசை டெனிஷ்காரர் திரும்பிப் பார்த்தார்கள். லிங்கண்ணை சிரித்தார். கடிதத்தை வாங்கித் தானே மூன்று தரம் வாசித்தார், திரும்பவும் சிரித்தார். மணி அடித்தது, மெஷினுக்குப் போனோம். விண்ணப்பம் போட்ட அலுவலகத்தில் அவருடைய கோப்பு அன்றுவரை ஒரு அங்குலம் அசையவில்லை. அது அன்றைக்கு எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு மணித்தியாலம் கழிந்திருக்கும். மெஷின் இரைச்சலுக்குள் என் தோளை யாரோ தொட்டார்கள். லிங்கண்ணை. முகத்தில் இரத்தம் இல்லை. என் காதோடு வாயை வைத்துக் கத்தினார்.

"தம்பி, அண்ணன்காரன் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்திட்டானாமெல்லோ?"

"ஓம் அண்ணை."

"அவளும் போயிருந்தால் இப்ப அங்கை நிண்டிருப்பாள். பிள்ளையும் கட்டிலுக்குக் கீழை படுக்காமல் அங்கை நிண்டிருக்கும்."

நான் மெஷினை நிற்பாட்டினேன். அவர் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தார்.

"நாங்கள் என்ன வேலையடா செய்துபோட்டு வந்தனாங்கள்?"